'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி': ஹீரோ டூக்கோதான்

கேள்வி: புகழ்பெற்ற வெஸ்டர்ன் (கௌபாய்) படம் ஏதாவதில், எல்லோரும் ஹீரோ என்று சொல்பவரைவிட வேறொருவர்தான் நிஜ ஹீரோ என்று உங்களுக்குத் தோன்றியதுண்டா?

உண்டு. செர்ஜியோ லியோனி 1966இல் எடுத்த 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி'. பெயரைச் சொன்னதுமே வாயில் சுருட்டோடு கிளின்ட் ஈஸ்ட்வுட்தான் கண்முன் வருவார். ஆனால் ஈலை வாலக் நடித்த அந்த அழுக்குத் திருடன் டூக்கோவை எடுத்துவிட்டால் படத்தில் மிஞ்சுவது இரண்டு முறைப்பான முகங்கள்தான்.

பார்க்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம்: அமெரிக்க உள்நாட்டுப் போர் நடக்கிறது. ஒரு கல்லறைக்குள் 2 லட்சம் டாலர் மதிப்புள்ள தங்கம் கிடக்கிறது. எந்த இடுகாடு என்பது டூக்கோவுக்கு மட்டும் தெரியும், எந்தக் கல்லறை என்பது ப்ளாண்டிக்கு (ஈஸ்ட்வுட்) மட்டும் தெரியும். இவர்களுக்குப் போட்டியாக லீ வான் கிளீஃப் நடித்த ஏஞ்சல் ஐஸ்.

முதலில், தலைப்பில் வரும் 'குட்', அதாவது அந்த 'நல்லவன்' பட்டம் ப்ளாண்டிக்கு எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். டூக்கோவைப் பிடித்துக்கொடுத்துச் சன்மானம் வாங்குவது, தூக்கில் போடும் நேரத்தில் கயிற்றைச் சுட்டு அறுத்து அவனைத் தப்பவைப்பது, பணத்தைப் பங்கு போடுவது. இதுதான் இருவரின் பிழைப்பு. ஒருநாள், உன் தலைக்கு 3,000 டாலருக்கு மேல் தேறாது என்று சொல்லிவிட்டு, கை கட்டிய நிலையிலேயே டூக்கோவைப் பாலைவனத்தில் விட்டுவிட்டுக் கிளம்புகிறான் ப்ளாண்டி. ஊருக்கு 70 மைல் நடக்க வேண்டும். சரியாக அந்த இடத்தில் ஈஸ்ட்வுட் முகத்தில் காட்சியை நிறுத்தி 'நல்லவன்' என்று எழுத்துப் போடுகிறார் லியோனி. இதற்கு மேல் என்ன குறும்பு வேண்டும்?

டூக்கோ அந்த 70 மைலையும் நடந்து வருகிறான். உதடெல்லாம் வெடித்து, தண்ணீரை மொண்டு குடித்துவிட்டு நேராகத் துப்பாக்கிக் கடைக்குள் நுழைகிறான். கடைக்காரர் எடுத்து வைக்கிற ரிவால்வர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒன்றின் குழலையும் இன்னொன்றின் உருளையையும் சேர்த்துப் பார்க்கிறான். உருளையைக் காதோரம் வைத்துச் சுழற்றிச் சத்தம் கேட்கிறான். திருப்தி வந்ததும் அதே துப்பாக்கியை நீட்டிக் கடைக்காரரிடமே கொள்ளையடிக்கிறான். பார்க்கிற நமக்கு அவனை வெறுக்க முடிவதில்லை.

ஆனால் என்னை அவன் பக்கம் முழுசாகச் சாய்த்தது மடாலயக் காட்சி. மூன்று பேரில் டூக்கோவுக்கு மட்டும்தான் குடும்பம் உண்டு, கடந்த காலம் உண்டு. மற்ற இருவருக்கும் நிஜப் பெயர்கூடக் கிடையாது. அண்ணன் பாப்லோ பாதிரியார். பல வருடம் கழித்துப் பார்க்கிறார்கள். அம்மா எப்போதோ போய்விட்டாள், அப்பா சில நாள் முன்புதான் இறந்தார் என்று அண்ணன் குத்தலாகச் சொல்கிறார். டூக்கோவுக்குப் பொத்துக்கொண்டு வருகிறது: நம் ஊரில் பட்டினியால் சாகாமல் இருக்க வேண்டுமென்றால் ஒன்று பாதிரியாராக வேண்டும், இல்லை கொள்ளைக்காரனாக வேண்டும், நீ உன் வழியில் போனாய், நான் என் வழியில் போனேன், என் வழிதான் கஷ்டம் என்கிறான். கைகலப்பில் முடிகிறது.

அப்புறம் வண்டியில் ஏறி உட்கார்ந்து ப்ளாண்டியிடம் அளக்கிறான்: என் அண்ணனுக்கு என் மேல் உயிர், என்ன ஆனாலும் எனக்கு ஒரு கிண்ணம் சூப் அங்கே இருக்கும். நடந்ததையெல்லாம் மறைந்திருந்து பார்த்த ப்ளாண்டி ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், சாப்பாட்டுக்குப் பிறகு சுருட்டு நன்றாக இருக்கும் என்று தன் சுருட்டை நீட்டுகிறான். டூக்கோ வாங்கிப் பல்லில் கடித்துக்கொண்டு மெல்லச் சிரிக்கத் தொடங்குகிறான். அந்தச் சில நொடிகளில் வாலக்கின் முகத்தில் ஓடுவதற்கு ஈடாக ஈஸ்ட்வுட்டுக்கு இந்தப் படத்தில் ஒரு காட்சியும் இல்லை. (சாகப்போகும் சிப்பாய்க்கு ப்ளாண்டி சுருட்டு கொடுக்கும் இடம் நெருங்கி வருகிறது, அவ்வளவுதான்.)

படத்தின் இசையமைப்பாளர் என்னியோ மோரிக்கோனியும் இதைப் புரிந்துகொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். படத்தின் பிரபலமான அந்த மெட்டை ப்ளாண்டிக்குப் புல்லாங்குழலிலும் ஏஞ்சல் ஐஸுக்கு ஒக்கரினா என்ற சிறிய ஊதுகருவியிலும் கொடுத்தவர், டூக்கோவுக்கு மனிதக் குரலைக் கொடுத்தார். மெட்டாலிகா என்ற ராக் இசைக்குழு தன் கச்சேரிகளின் தொடக்கத்தில் போடுகிற 'எக்ஸ்டஸி ஆஃப் கோல்ட்' இசையும், படத்தில் டூக்கோ கல்லறைகளுக்கு நடுவே பைத்தியம் பிடித்ததுபோல் ஓடுவதற்காகத்தான்.

கொலை, கொள்ளை, கற்பழிப்பு என்று தூக்குமேடையில் அவன் மேல் வாசிக்கும் பட்டியல் பெரிது. அவனை உத்தமன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பாலத்துக்கு வெடிமருந்து கட்டும்போது இருவரும் ரகசியத்தைப் பரிமாறிக்கொள்கிறார்களே, அங்கே உண்மையைச் சொல்பவன் டூக்கோ. தப்பான கல்லறைப் பெயரைச் சொல்பவன் 'நல்லவன்'. அந்தப் பிரசித்தி பெற்ற மும்முனைச் சண்டையிலும் டூக்கோ மட்டும்தான் வெறும் துப்பாக்கியோடு நிற்கிறான். முந்தைய இரவே ப்ளாண்டி தோட்டாக்களை உருவிவிட்டான், இவனுக்குத் தெரியாது. ப்ளாண்டிக்கு அங்கே பாதி ஆபத்துதான். மூன்று பேரில் நிஜமாகவே உயிரைப் பணயம் வைத்து, வியர்த்துக் கொட்டி நின்றவன் யார்?

பாதித் தங்கத்தை விட்டுவிட்டு ப்ளாண்டி குதிரையில் போய்விடுகிறான். டூக்கோவுக்குக் குதிரை கிடையாது, ப்ளாண்டி கட்டிய கைக்கட்டும் அவிழவில்லை. தொண்டை கிழிய அவனைத் திட்டுகிறான். படத்தின் கடைசி வசனமே அந்த வசவுதான், அதையும் முடிக்கவிடாமல் மோரிக்கோனியின் ஊளை போன்ற அந்த மெட்டு வந்து அமுக்கிவிடுகிறது.