செல்லை நசுக்கினால் மரபணு என்ன செய்யும்? கேள்வி பதில்

தரமணிப் பக்கம் ஒரு ஆய்வகத்தில் செல் வளர்ப்பது என் வேலை. மருந்து, மாத்திரை கேட்காதீர்கள்.

மடிப்பாக்கம் வாசகர்: செல் தட்டையோ உருண்டையோ, உள்ளே டிஎன்ஏ ஒன்றுதானே மேடம்?

ஒன்றுதான். அதில் எந்த மரபணு வேலை செய்யும் என்பதுதான் வேறாகிறது. 1997-இல் கிறிஸ்டோபர் சென் என்ற ஆய்வாளரின் குழு, ரத்தக்குழாயின் உள்சுவர்ச் செல்களைப் பொடிப்பொடியான ஒட்டும் திட்டுகளில் வளர்த்தது. விரிய இடம் கிடைத்தவை பெருகின, குறுகிக் கிடந்தவை செத்தன. ஒரே பெரிய திட்டைத் தராமல், அதே ஒட்டும் பரப்பைச் சிறு புள்ளிகளாகப் பரப்பி வைத்தபோதும் செல் விரிந்தது, பிழைத்தது. ஒட்டிய அளவல்ல, விரிந்த வடிவம்தான் கணக்கு.

செல் விரியும்போது அதற்குள் இருக்கும் ஆக்டின் என்ற புரத இழைகள் துணி காயப்போடும் கொடி மாதிரி விறைக்கும். அந்த இழுப்பு, உட்கருவின் உறையில் இருக்கும் நெஸ்பிரின், சன் புரதங்கள் வழியே, உறையை உள்ளிருந்து தாங்கும் லேமின் என்ற புரத வலைவரை போகும். உட்கரு தட்டையாகும். யாப் என்ற புரதம் உட்கருவுக்குள் போய்ப் பெருக்கத்துக்கான மரபணுக்களை எழுப்பும். செல் உருண்டுவிட்டால் யாப் பெரும்பாலும் வெளியே நிற்கும்.

தாம்பரம் வாசகர்: யோகா செய்தால் டிஎன்ஏ மாறுமா?

டிஎன்ஏவின் எழுத்து மாறாது. எந்த மரபணு வேலை செய்யும் என்ற வாசிப்புதான் மாறும்.

பெரம்பூர் வாசகர்: ஜிம்?

மேலே பாருங்கள்.

அண்ணா நகர் வாசகர்: தலைக்கு மசாஜ்?

எழுத்து மாறாது! எத்தனை தடவை சொல்வது?

கிண்டியிலிருந்து ஆராய்ச்சி மாணவி: மேடம், அப்படி அடித்துச் சொல்லலாமா? 2016-இல் இரண்டு குழுக்கள் என்ன காட்டின?

சரி, மாட்டிக்கொண்டேன். நெரிசல் நேர மின்சார ரயிலில் ஏறுகிற ஆள் மாதிரி, சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடுக்கில் செல் நுழையும்போது உட்கருவின் உறை கிழிந்தது, டிஎன்ஏ முறிந்தது. உறையைச் செல்லே தைத்துக்கொள்ளும்.

மாணவி: டிஎன்ஏ முறிவை எப்போதும் சரியாகத் தைக்கிறதா? 2017-இல் டிஷர் என்ற ஆய்வாளரின் குழு, நுண்துளை வழியே வந்த புற்றுநோய்ச் செல்களில் மரபணுத்தொகுப்பே வேறுபட்டதைக் காட்டியதே.

ஆமாம். அப்போது திருத்துகிறேன்: விரிவதாலும் இழுபடுவதாலும் பொதுவாக வாசிப்பு மாறும், உட்கரு கிழியுமளவு நசுங்கினால் எழுத்தும் கெடலாம். ஆனால் அது ஆய்வகத் துளையில் புகுந்த செல்லின் கதை. யோகா விரிப்பில் நடப்பதல்ல.

வேளச்சேரி வாசகர்: அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம்.

எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.

போரூர் வாசகர்: மூச்சுப்பயிற்சி செய்தால்?

தாம்பரத்துக்காரருக்குச் சொன்னதேதான்.