எஸ்ஜிபிடி 68: கல்லீரல் கெட்டுவிட்டதா?

கேள்வி: எனக்கு வயது 41. முழு உடல் பரிசோதனையில் எஸ்ஜிபிடி 68, எஸ்ஜிஓடி 45 என்று வந்திருக்கிறது. இரண்டும் 40 வரைதான் இருக்கலாமாம். பிலிருபின், அல்புமின் சரியாக உள்ளன. மதுப் பழக்கம் இல்லை, எடை கூடியிருக்கிறது. வேறு தொந்தரவு ஏதும் இல்லை. கல்லீரல் டானிக் குடிக்கலாமா?

பதில்: இதை மட்டும் வைத்துக் கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது, பயப்படாதீர்கள். எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி என்ற இந்த என்சைம்கள் கல்லீரல் செல்களுக்குள் இருப்பவை. செல்கள் பாதிக்கப்படும்போது கசிந்து ரத்தத்தில் கலக்கின்றன. கல்லீரல் எப்படி வேலை செய்கிறது என்பதை, அது வெளியேற்றும் மஞ்சள் நிறப்பொருளான பிலிருபினும் அது தயாரிக்கும் புரதமான அல்புமினும்தான் சொல்லும். உங்களுக்கு அவை இரண்டும் சரியாக இருப்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

பரிசோதனைக்கு முந்தைய வாரம் ஜிம்மில் கடுமையாகப் பயிற்சி செய்தீர்களா? தசைகளிலிருந்தும் இந்த என்சைம்கள், குறிப்பாக எஸ்ஜிஓடி, ரத்தத்துக்கு வரும். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றும் எழுதவில்லை. பாராசிட்டமால், வலிப்பு மருந்து, காசநோய் மருந்து, மூலிகைப் பொடி, எடை குறைக்கும் கேப்ஸ்யூல் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆனால் அவர் எழுதிக் கொடுத்த மருந்து எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

எடை கூடியிருப்பதால் என் முதல் சந்தேகம் கொழுப்புக் கல்லீரல். அல்ட்ராசவுண்ட் எடுங்கள். கூடவே சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகளும் தேவை. பி, சி வைரஸ்கள் பல வருடங்கள் அறிகுறியே காட்டாமல் இருக்கும், அதனால் இவற்றைத் தள்ளிப்போட வேண்டாம். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கையும் பாருங்கள். வயது, இந்த இரண்டு என்சைம்கள், பிளேட்லெட் நான்கையும் வைத்து ஃபிப்-4 என்றொரு கணக்கு போடுவோம். அது 1.3-க்குக் கீழே இருந்தால் கல்லீரலில் தழும்பு முற்றியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

டானிக் வேண்டாம். சில மூலிகைத் தயாரிப்புகளே கல்லீரலைப் பாதிக்கின்றன. கொழுப்புக் கல்லீரல்தான் என்றால் எடை குறைப்பதே மருந்து: 5 சதவீதம் குறைந்தாலே கொழுப்பு கரையத் தொடங்கும், 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சியும் தணியும். அவசரமாகப் பட்டினி கிடக்காதீர்கள், படிப்படியாகக் குறையட்டும்.

சில வாரங்கள் கழித்து, முந்தைய ஒரு வாரம் கடும் உடற்பயிற்சி இல்லாமல், மறுபடி பாருங்கள். அப்போது என்சைம் சரியாகிவிட்டாலும் ஸ்கேனில் கொழுப்பு தெரிந்தால் கவனிப்பை விடக் கூடாது. இதற்கிடையில் கண் மஞ்சளானாலோ, சிறுநீர் அடர்நிறமாகப் போனாலோ, வயிறு வீங்கினாலோ காத்திருக்காமல் அன்றே டாக்டரைப் பாருங்கள்.