கூரையைத் தாங்குவது தெர்மாகோல் அல்ல

கேள்வி: ஒன்டாரியோவில் ஐ.சி.எஃப். முறையில் வீடு கட்டுகிறோம். இரண்டு தெர்மாகோல் பலகைகளை நிறுத்தி, நடுவில் கம்பி கட்டிக் கான்கிரீட் ஊற்றும் சுவர். மேலே மர டிரஸ் (முக்கோண மரச்சட்டம்) கூரை. டிரஸ் உட்காரும் மேல்பலகையைத் தெர்மாகோலுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பட்டைகளில் ஸ்குரூ போட்டு முடுக்கினால் போதும் என்கிறார் ஒப்பந்தக்காரர். அடுத்த வாரம் கான்கிரீட். என்ன செய்வது?
வாசகி, மார்க்கம்

பதில்: போதாது, சகோதரி. கான்கிரீட் ஊற்றும் முன்பே கேட்டீர்கள், நல்லதாயிற்று.

அந்தப் பட்டைகள் உள்ளே ஜிப்சம் பலகையையும் வெளியே சைடிங்கையும் மாட்டுவதற்காக இருப்பவை. கூரையின் பாரம் கீழே அழுத்துகிறது என்பதோடு கணக்கு முடிவதில்லை. பெருங்காற்று அதை மேலே இழுக்கும். 2021 ஜூலையில் ஒன்டாரியோவின் பாரி (Barrie) நகரைச் சுழற்காற்று தாக்கிய பின் சேதத்தை ஆராய்ந்த வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழு, கூரைக்கும் சுவருக்கும் இடையே இருந்த பலவீனமான பிணைப்பைச் சுட்டிக்காட்டியது. அங்கே சேதமானவை மரச்சட்ட வீடுகள். உங்களுடையது கான்கிரீட் சுவர். ஆனால் கூரை அந்தக் கான்கிரீட்டைப் பிடித்திருந்தால்தானே பயன்?

மேல்பலகை கான்கிரீட்டின் மீது அமர வேண்டும். தெர்மாகோலின் மீது மட்டும் நிற்கக் கூடாது. ஈரம் ஏறாதபடி பலகைக்கு அடியில் நுரைப் பட்டை விரியுங்கள். அரை அங்குல ஜே போல்ட்டுகளை (அடி முனை J எழுத்துப்போல் வளைந்தவை) சுவரின் நடுவில், 1.2 மீட்டருக்கு மேல் இடைவெளி விடாமல், குறைந்தது 100 மில்லிமீட்டர் கான்கிரீட்டுக்குள் இறங்கும்படி பதிக்க வேண்டும். இது ஒன்டாரியோ கட்டட விதியின் குறைந்தபட்சம். உங்கள் பொறியாளர் இன்னும் நெருக்கமாக வரைந்திருந்தால் அவர் சொன்னதே முடிவு.

ஊற்றுவதற்கு முந்தைய நாளே, ஒவ்வொரு டிரஸும் உட்காரும் இடத்தைத் தெர்மாகோலின் மேல்விளிம்பில் மார்க்கரால் குறிக்கச் சொல்லுங்கள். இதை விட்டுவிட்டால் டிரஸ் வரும் இடத்திலேயே போல்ட் தலைதூக்கி நிற்கும். பிறகு தச்சர் மரத்தைக் குடைவார், அது டிரஸுக்கே கேடு. மரைகளில் சிமெண்ட் ஒட்டாமல் டேப் சுற்றுங்கள். கான்கிரீட் இளகியிருக்கும்போதே போல்ட்டை இறக்கி லேசாக அசைத்தால், சுற்றிலும் இடைவெளியின்றி நிறையும். இறுகிய பின் நினைவு வந்தால் துளையிட்டு எப்பாக்ஸி என்ற வலுவான பசையில் பதிக்கலாம். செலவும் அதிகம், பொறியாளரின் ஒப்புதலும் வேண்டும்.

போல்ட்டோடு வேலை முடிந்துவிடாது. ஒவ்வொரு டிரஸையும் மேல்பலகையோடு உலோகப் பட்டையால் பிணைக்க வேண்டும். வெறும் சாய்வு ஆணியை நான் ஏற்கவே மாட்டேன். மேல்பலகை மருந்தேற்றிய மரமாக இருந்தால், அதிலுள்ள செம்பு சாதாரண இரும்பை அரிக்கும் என்பதால், பட்டையும் ஆணியும் நன்கு துத்தநாகம் பூசியவையாக இருக்கட்டும். மரம் காய்ந்து சுருங்கும். கூரைத்தளத்தை அடைப்பதற்கு முன் நட்டுகளை இன்னொரு முறை முடுக்கச் சொல்லுங்கள்.

போல்ட் இடங்களைக் காட்டும் வரைபடத்தைப் பொறியாளரிடம் இப்போதே கேட்டு வாங்குங்கள். ஊற்றும் நாளில் காலையிலேயே போய், போல்ட்டுகள் களத்துக்கு வந்துவிட்டனவா என்று எண்ணிப் பாருங்கள். வரவில்லையென்றால் கான்கிரீட் வண்டியைத் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.