நிலத்தடியில் ஃபால்ட்: போர் போடுபவர்களின் கேள்விகள்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மனை வாங்கினோம். அடுத்த மனையில் 120 அடியில் தண்ணீர். எங்களுக்கு 250 அடி போயும் சாம்பல் நிறச் சேறுதான். நடுவில் ஃபால்ட் ஓடுகிறது என்கிறார் போர்க்காரர். உண்மையா?

இருக்கலாம். ஃபால்ட் என்றால் பாறை உடைந்து, ஒரு பக்கம் நழுவிப்போன பிளவு. அங்கே அடியில் கோண்டுவானா எனப்படும் மிகப் பழைய படிவுப் பாறைகள்: களிப்பாறைதான் அதிகம், இடையிடையே மணற்கல். ஃபால்ட் வழியே ஒரு பக்கம் கீழே இறங்கி, மணற்கல்லுக்கு நேர் எதிரே களிப்பாறை வந்து நின்றால் தண்ணீருக்கு வழி கிடையாது. ஆனால் மணற்கல் அடுக்கு தானாகவே மெலிந்து முடிந்துபோவதும் சகஜம். இரண்டு போரிலும் வந்த மண்ணை ஆழவாரியாக ஒப்பிடுங்கள். அதே அடுக்குகள் அதே வரிசையில், ஆனால் வேறு ஆழத்தில் வந்தால் ஃபால்ட்டைச் சந்தேகிக்கலாம். அடுக்குகள் சாய்ந்திருந்தாலும் அப்படித் தெரியும் என்பதால், அக்கம்பக்கத்தில் இன்னும் சில போர் விவரங்களும் வேண்டும். மற்ற அடுக்குகள் அதே ஆழத்தில் இருந்து, மணற்கல்லை மட்டும் காணோம் என்றால் அது மெலிந்து முடிந்திருக்கலாம்; போர்க்காரர் பழியை ஃபால்ட் மேல் போடுகிறார்.

ஃபால்ட் மேலேயே போர் போட்டால் தண்ணீர் கொட்டும் என்கிறார்களே?

பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துச் சார்னோக்கைட் என்ற கெட்டிப் பாறையில் பழகியவர்கள் சொல்வது அது. அங்கே விரிசல் இருந்தால்தான் தண்ணீர். படிவுப் பாறையில் கதை வேறு. பாறை நழுவும்போது களிப்பாறை நசுங்கி, ஃபால்ட் முழுக்கப் பூசிக்கொள்ளும். மணல் துகள்கள் மாவாக அரைபடும். பிற்பாடு தண்ணீரில் கரைந்துவரும் சுண்ணாம்போ சிலிக்காவோ மிச்ச இடுக்குகளையும் அடைக்கும். அதே சமயம், இறுகிய மணற்கல்லாக இருந்தால் ஃபால்ட்டின் இரு ஓரங்களிலும் விரிசல்கள் திறந்திருக்கும். ஆக, குறுக்கே விடாத அதே ஃபால்ட் நெடுக்கே தண்ணீரை ஓடவிடும். துளைகள் நிறைந்த, இறுகாத மணற்கல்லில் அந்த விரிசல்களையும் நம்ப முடியாது. அவற்றுக்குப் பதிலாக நெருங்கி நசுங்கிய மெல்லிய பட்டைகள்தான் உருவாகும்.

நெதர்லாந்தில் பீல் எல்லை ஃபால்ட்டை ஒட்டி மேட்டு நிலம் சதுப்பாகவும் பள்ளம் காய்ந்தும் கிடக்கிறது. மேட்டிலிருந்து வரும் நிலத்தடி நீரை ஃபால்ட் தடுத்து நிறுத்துவதால் வரும் விநோதம். அதனால் ஃபால்ட் கோட்டின் மேலேயே குத்தாதீர்கள். தண்ணீர் வரும் திசையில் சற்றுத் தள்ளிப் பாருங்கள்.

மீஞ்சூரில் கிணறு உப்பாகிவிட்டது. கடல்நீரை ஃபால்ட் ஏதாவது தடுக்குமா?

நம்பி இருக்காதீர்கள். உங்கள் கிணறு இருப்பது ஆரணி, கொசஸ்தலை ஆறுகள் கொண்டுவந்த இளம் வண்டல் மணலில். அடியில் பழைய ஃபால்ட் இருந்தாலும், மேலே பிற்காலத்தில் படிந்த மணலை அது பெரும்பாலும் வெட்டியிருக்காது. அளவுக்கு மீறி இறைத்ததால்தான் கடல் உள்ளே வந்தது. இறைப்பைக் குறைப்பதும், தடுப்பணைகளில் மழைநீரைத் தேக்கி இறக்குவதும்தான் வழி.

ரெசிஸ்டிவிட்டி (நிலத்தின் மின்தடையை அளக்கும் சோதனை) பார்த்தால் ஃபால்ட் தெரியுமா?

ஒரே புள்ளியில் பார்த்தால் தெரியாது. அந்தக் கணக்கே அடுக்குகள் மட்டமாக இருப்பதாக வைத்துக்கொண்டு போடுவது. ஃபால்ட் பக்கத்தில் அதுதான் பொய். ஒரு கோட்டில் வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். வடசென்னைப் பக்கம் களிமண், உப்புநீர் இரண்டுமே குறைந்த மின்தடையைக் காட்டும், ஜாக்கிரதை. எனக்கு அதைவிட நம்பிக்கையான சோதனை: ஒரு போரைத் தொடர்ந்து ஓடவிட்டு, சுற்றியுள்ள போர்களில் நீர்மட்டத்தை அளப்பது. எல்லாப் பக்கமும் மட்டம் இறங்கி, கிட்டத்தில் இருக்கும் ஒரு போர் மட்டும் அசையாமல் இருந்தால், இரண்டுக்கும் நடுவே ஏதோ தடுப்பு இருக்கக்கூடும்.