விடியலில் மீன் வாய் பிளந்தால்

தம்பி, உச்சிப்புளிப் பக்கம் ஆட்கள் வந்து தூண்டில் போடும் உங்கள் குளத்தில் இரண்டு நாள் வானம் மூடாக்காக இருந்த பிறகு விடியற்காலையில் கொடுவா மீன் மேலே வந்து வாய் பிளக்கிறது, நோயா என்று கேட்டிருந்தீர்கள். எல்லா மீனும் ஒன்றாக வந்து, வெயில் ஏறியதும் கீழே போனால் பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவுதான். பாசி பகலில் ஆக்சிஜன் தரும், இரவில் அதுவே இழுத்துக்கொள்ளும்.

மூடாக்கு நாளில் தீவனம் வேண்டாம். தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் இரவு முழுக்க ஓடட்டும். என் குளக்கரையில் கேரவனில் (தங்கும் வசதியுள்ள வண்டி) தங்கியவர்களுக்குச் சத்தம் தொந்தரவென்று ஒரு ஐப்பசி இரவில் நான் அணைத்துவிட்டேன். காலையில் கரையோரம் முழுக்க வெள்ளை வயிறு. தூண்டிலோடு வந்த பிள்ளைகள் அப்படியே நின்றுவிட்டார்கள். வண்டிகளைத் தள்ளி நிறுத்துங்கள், ஏரேட்டரை அணைக்காதீர்கள்.

அப்புறம், மழைநீர் உப்புத்தண்ணீர் மேல் ஏடுபோல நிற்கும். அதை மேல்மடை (மேல்மட்டத் தண்ணீரை மட்டும் வெளியேற்றும் மடை) வழியாக வடித்துவிடுங்கள்.