பின் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன: ஸ்போர்ட்ஸ் காருக்கு எதைப் போடுவது?

கேள்வி: என்னிடம் பின்சக்கர இயக்கமுள்ள இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. முன் டயர் 225/40 ஆர்18 92ஒய், பின் டயர் 255/35 ஆர்18 94ஒய். முன்னால் இன்னும் 5 மி.மீ. பட்டன் (சாலையில் படும் ரப்பர் கட்டைகளின் ஆழம்) இருக்கிறது. பின்னால் இரண்டும் உள்விளிம்பில் மொட்டையாகிவிட்டன. கடைக்காரர், "255/35 வர நாளாகும், 255/40 கையிருப்பில் இருக்கிறது, அதே ரிம்மில் உட்கார்ந்துவிடும். ஒய் எதற்கு? 300 கி.மீ. வேகத்திலா போகப்போகிறீர்கள்? வி போதும்" என்கிறார். பழைய டயரில் இருந்த நட்சத்திரக் குறி புதியதிலும் இருக்க வேண்டுமா? நான்கையும் மாற்ற வேண்டுமா?

பதில்: 255/40 வேண்டாம். ரிம்மில் உட்காரும் என்று அவர் சொல்வது உண்மைதான். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை.

கணக்கைப் பாருங்கள். 255/35 என்றால் அகலம் 255 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 35 சதவீதம், அதாவது 89 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு சுவர், நடுவில் 18 அங்குல ரிம் (457 மி.மீ.). மொத்த விட்டம் சுமார் 636. உங்கள் முன் டயருக்கும் இதே கணக்கைப் போட்டால் 637 வரும். அகலம் வேறாக இருந்தாலும் உயரம் ஒன்றாக இருக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். 255/40 போட்டால் பின் விட்டம் 661 ஆகிவிடும், 4 சதவீதம் கூடுதல். ஏபிஎஸ்ஸும் கார் நிலைப்புக் கட்டுப்பாடும் நான்கு சக்கரங்களின் சுழற்சியை ஒப்பிட்டுத்தான் வேலை செய்கின்றன. பின்சக்கரம் எப்போதும் மெதுவாகச் சுற்றினால் அது கோளாறாகவோ வழுக்கலாகவோ படும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அதிர்ஷ்டம். எரியாமல், தவறான நேரத்தில் பிரேக்கைத் தொட்டால்தான் வம்பு. பின்சக்கரத்திலிருந்து வேகத்தை எடுக்கும் கார்களில் ஸ்பீடோமீட்டரும் குறைத்துக் காட்டும். சக்கரவளைவில் மேலே 12 மி.மீ. இடைவெளி போய்விடும். பள்ளத்தில் இறங்கினால் உரசும்.

வி போதும் என்பதும் தவறு. வி என்றால் 240 கி.மீ., டபிள்யூ 270, ஒய் 300. நீங்கள் அந்த வேகத்தில் போவதில்லை என்பது சரி. ஆனால் அந்த எழுத்து, டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும்படி கட்டப்பட்டிருக்கிறது என்பதையும் சொல்கிறது. ஒரே பெயரில் வரும் டயரிலேயே குறியீடு மாறினால் உள்ளே இருக்கும் அடுக்குகளும் மாறலாம். திருப்பத்தில் கார் தளர்வாகத் தோன்றும். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் தேடும் முதல் சாக்கு இதுவாகவும் இருக்கலாம். எடைக் குறியீடான 94ஐயும் விட்டுக்கொடுக்காதீர்கள். அது ஒரு டயருக்கு 670 கிலோ. அந்த அளவில் 94 என்பது எக்ஸ்எல் எனப்படும் வலுவூட்டிய டயர், ஆகவே சுவரில் எக்ஸ்எல் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இனி என் முக்கியமான எச்சரிக்கை: தேதி. டயரின் பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் எழுத்துவரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். இந்த நான்கு இலக்கங்களை ஒரு பக்கச்சுவரில் மட்டும் முழுதாகப் போட்டால் போதும் என்று விதி எழுதியவர்கள் யாரை நினைத்து எழுதினார்கள் என்று தெரியவில்லை. அந்தப் பக்கம் உள்ளே போய்விட்டால், வாங்கியவர் காரை லிப்டில் ஏற்றித்தான் வயதைப் பார்க்க முடியும். ரொட்டிக்கே காலாவதித் தேதி அச்சிடும் உலகில், உயிரைச் சுமக்கும் ரப்பருக்குச் சங்கேத எழுத்து!

ஸ்போர்ட்ஸ் கார் அளவுகள் மெதுவாக விற்பவை, அதனால் பழைய சரக்கு தேங்கும். தேங்கியது 'இன்று மட்டும் தள்ளுபடி' என்று வெளியே வரும். ஆர்டர் எடுக்கும் இடைத்தரகருக்கும் டயர் வைத்திருக்கும் கிடங்குக்கும் இடையில் தேதிக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. ரிம்மில் ஏற்றிவிட்டால் திருப்பி எடுக்கவும் மாட்டார்கள். ஆகவே முன்பணம் கொடுக்கும் முன் இரண்டு டயரின் தேதிக் குறியையும் புகைப்படமாகக் கேளுங்கள். அந்த நான்கு இலக்கங்களை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். ஏற்றும் முன் இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். நன்றாகச் சேமிக்கப்பட்ட ஒன்றிரண்டு வருடச் சரக்கில் தவறில்லை. அதற்கு மேல் என்றால் வேறு கடை பாருங்கள். 'வேறு காரிலிருந்து கழற்றியது, அரைத் தேய்மானம்கூட இல்லை' என்று யாராவது பளபளவென்று கருப்பு பூசிய டயரை நீட்டினால் பேச்சையே முடித்துக்கொள்ளுங்கள். பூச்சு வெடிப்பை மறைக்கும். பஞ்சர் ஒட்டு உள்ளே இருக்கும். பட்டனை ஆழமாக வெட்டி விற்பதும் நடக்கிறது.

அந்தத் தேதியை உங்கள் முன் டயர்களிலும் பாருங்கள். ஸ்போர்ட்ஸ் கார் அதிகம் ஓடாது, அதனால் பட்டன் தேய்வதற்கு முன்பே ரப்பர் கிழடாகிவிடும். 5 மி.மீ. இருக்கிறது என்பதால் மட்டும் டயர் நல்லது என்று ஆகாது. ஐந்து வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் பரிசோதிக்கவும், பத்து வருடம் ஆனால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் தூக்கிப்போடவும் பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். என் அளவுகோல் இன்னும் கறார்: ஆறு வருடம் தாண்டி, சுவரில் நுண்வெடிப்பும் இருந்தால் நான்கையும் மாற்றுங்கள். இல்லையென்றால் பின் இரண்டு போதும்.

'இரண்டு போதும்' என்பதற்கு ஒரு விலக்கு உண்டு. உங்கள் காருக்கு இது பொருந்தாது. ஆனாலும் இதே பதிலை நான்கு சக்கர இயக்கமுள்ள கார் வைத்திருக்கும் நண்பரிடம் சொல்லிவிடுவீர்கள் என்பதால் சொல்கிறேன். நான்கு சக்கரமும் இயங்கும் காரில் முன் பின் அச்சுகள் கிளட்ச்சாலோ டிஃபரன்ஷியலாலோ பிணைக்கப்பட்டவை. முன்னால் 3 மி.மீ. அதிகம் தேய்ந்திருந்தால் விட்டம் 6 மி.மீ. குறைகிறது. கிலோமீட்டருக்குச் சுமார் ஐந்து சுற்று அதிகம். நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஓடினால் அந்த ஐந்து சுற்றையும் கிளட்ச் தின்று தீர்க்க வேண்டும். சூடாகி எண்ணெய் கெட்டு, நாளடைவில் உடையும். எவ்வளவு வித்தியாசம் அனுமதி என்பது காருக்குக் கார் வேறு. கையேட்டில் பார்க்க வேண்டும், பல கார்களில் 2, 3 மி.மீ. தாண்டினாலே நான்கையும் மாற்றச் சொல்வார்கள். கடையில் இதைக் கேட்டால், 'அதெல்லாம் ஒன்றும் ஆகாது' என்பார்கள். கியர்பாக்ஸ் பில் அவர்களுக்கு வராது.

நட்சத்திரக் குறி பிஎம்டபிள்யூவுக்கு. போர்ஷே என்றால் 'என்' (N) என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும், மெர்சிடிஸ் எம்ஓ, ஆடி ஏஓ. கார் தயாரிப்பாளர் தன் காருக்கென்று சரிபார்த்த வகை என்று பொருள். அதே பெயருள்ள குறியில்லாத டயரிலிருந்து உள்கட்டுமானம் சற்று வேறாக இருக்கலாம். கிடைத்தால் வாங்குங்கள். கார் பழையதாகும்போது குறியிட்ட வகையை நிறுத்திவிட்டு, அதையே போடுங்கள் என்று கையேடு மட்டும் அடம்பிடிக்கும் கூத்து உண்டு. அப்போது குறியில்லாத இரண்டைப் போடலாம். ஆனால் ஒரே அச்சில் குறியுள்ள ஒன்றும் குறியில்லாத ஒன்றும் கூடவே கூடாது.

பிராண்ட் எது என்று நீங்கள் கேட்கவில்லை, நல்லது. முன்னால் இருக்கும் அதே மாடல் கிடைத்தால் அதுவே சரி. கிடைக்காவிட்டால் அதே தரத்துக் கோடைக்கால ஸ்போர்ட்ஸ் டயர். முன்னால் நல்ல கிரிப், பின்னால் மலிவான கடின டயர் என்ற சேர்க்கையை மட்டும் தவிருங்கள். ஈரச் சாலைத் திருப்பத்தில் கார் பின்பக்கமாகச் சுற்றிக்கொள்ளும். பழைய டயர் பஞ்சரானாலும் ஓடும் ரன்-ஃப்ளாட் வகையா என்று பாருங்கள். சாதாரண டயருக்கு மாறினால் ஸ்டெப்னி இல்லாத காரில் காற்றடிக்கும் கருவியும் பஞ்சர் பசையும் வேண்டும்.

உள்விளிம்பு மொட்டையானது ஏன் என்று கடையில் யாரும் சொல்லவில்லை போலும். கேம்பர், அதாவது சக்கரம் மேலே உள்சாய்ந்திருப்பது, இந்தக் கார்களில் இயல்பு. அது மட்டும் இவ்வளவு தின்னாது. பெரும்பாலும் பின்சக்கரத்தின் டோ, அதாவது சக்கரம் நேராக இல்லாமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம், விலகியிருக்கும். சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ் தளர்ந்தால் டோ தானாகவே மாறும். பல கடைகள் 'அலைன்மென்ட்' என்று முன்சக்கரத்தை மட்டும் திருகிவிட்டுக் காசு வாங்குகின்றன. நான்கு சக்கர அலைன்மென்ட் கேளுங்கள். முதலில் புஷ்ஷைப் பார்க்கச் சொல்லுங்கள். செய்ததற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளின் அச்சுத்தாளை வாங்குங்கள். இதைச் செய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே விளிம்பில் போய்விடும்.

ஏற்றும்போது வால்வும் புதிதாக இருக்கட்டும். காற்றழுத்த சென்சார் இருந்தால் அதன் ரப்பர் சீலை மாற்றச் சொல்லுங்கள். போல்ட்டை ஏர் கன்னால் அடித்துவிட்டு அனுப்ப விடாதீர்கள். கையேட்டிலுள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) இறுக்கி, 50 முதல் 100 கி.மீ. ஓடிய பின் இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும். காற்றழுத்தம் கதவருகே உள்ள ஸ்டிக்கர்படி, டயர் குளிர்ந்திருக்கும்போது. டயர் சுவரில் எழுதியிருப்பது உச்ச அளவு. அது உங்களுக்கானது அல்ல. டயரை வார்த்த அச்சிலிருந்து வந்த வழுக்கும் பூச்சு புது டயரில் ஒட்டியிருக்கும், முதல் 300 கி.மீ. வரை முரட்டுத்தனம் வேண்டாம், மழையில் குறிப்பாக.