141, 98, கிரேடு 6.4: ஏழு வயது மகளின் டெஸ்ட் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

கேள்வி: டாலஸ் பக்கத்தில் இருக்கிறோம். மகளுக்கு 7 வயது, இரண்டாம் வகுப்பு. நன்றாகப் படிப்பவள் என்பதால் ஒரு சைக்காலஜிஸ்டிடம் படிப்புத் திறனை அளக்கும் வுட்காக்-ஜான்சன் டெஸ்ட் (நான்காம் பதிப்பு) எடுத்தோம். லெட்டர்-வேர்டு (சொற்களை வாசிப்பது) 145, பேசேஜ் காம்ப்ரிஹென்ஷன் (படித்ததைப் புரிந்துகொள்வது) 134, சென்டன்ஸ் ரீடிங் ஃப்ளூயன்சி (வாசிப்பு வேகம்) 126. கணக்கில் அப்ளைடு பிராப்ளம்ஸ் 141, கால்குலேஷன் 118, மேத் ஃபேக்ட்ஸ் ஃப்ளூயன்சி 98, மூன்றும் சேர்ந்த பிராட் மேத் 122. சென்டன்ஸ் ரைட்டிங் ஃப்ளூயன்சி (வாக்கியம் எழுதும் வேகம்) 95. வாசிப்புக்கு ‘கிரேடு ஈக்விவலன்ட் 6.4’ என்று போட்டிருக்கிறது. ஆறாம் வகுப்புப் பாடம் கொடுக்கலாமா? ‘98 நல்ல மார்க்தானே’ என்கிறார் கணவர். பள்ளியில் கம்ப்யூட்டரில் எடுத்த மேப் (MAP) டெஸ்டிலும் வாசிப்பு 97-ஆவது பெர்சன்டைலில் (நூறில் 97 பேரைவிட மேல்) இருந்து 90-க்கு இறங்கியிருக்கிறது. பாதிக் கேள்விக்கு விடை தெரியவில்லை என்று அழுதுகொண்டு வந்தாள்.

பதில்: அந்த 98-இல் இருந்தே தொடங்குகிறேன். சென்டம் கணக்கில் வளர்ந்த நமக்கு 98 என்றால் ‘ரெண்டு மார்க் எங்கே போச்சு’ என்றுதான் தோன்றும். ஆனால் இது மார்க்கே இல்லை, ஸ்டாண்டர்ட் ஸ்கோர். சராசரிக் குழந்தையை 100 என்று வைத்து, உங்கள் மகள் அதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறாள் என்று சொல்லும் எண். மூன்றில் இரண்டு பங்கு குழந்தைகள் 85-க்கும் 115-க்கும் இடையில் வந்துவிடுவார்கள். 130-ஐ எட்டுபவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு பேர், 145-ஐ எட்டுபவர்கள் ஆயிரத்துக்கு ஒருவர். 98 என்பது 45-ஆவது பெர்சன்டைல், நட்டநடு. (ஒப்பிட்டது அதே வயதுக் குழந்தைகளோடா, அதே வகுப்புக் குழந்தைகளோடா என்பது ரிப்போர்ட்டில் இருக்கும், பாருங்கள்.) 98 ஒரு குறை இல்லை. ஆனால் அப்ளைடு பிராப்ளம்ஸில் 141 எடுத்தவளுக்கு இங்கே மட்டும் ஏன் இவ்வளவு இறங்கியது என்று கட்டாயம் கேட்க வேண்டும்.

மூன்று கணக்கு டெஸ்டும் மூன்று வேறு விஷயங்களை அளக்கின்றன. அப்ளைடு பிராப்ளம்ஸில் கேள்வியை டெஸ்ட் எடுப்பவரே வாசித்துக் காட்டுவார், நேரக் கெடு கிடையாது. அங்கே தெரிவது யோசிக்கும் திறன். கால்குலேஷனில் தெரிவது இதுவரை யாராவது சொல்லிக்கொடுத்தது. நீள்வகுத்தல் கற்றுத்தராத குழந்தைக்கு நீள்வகுத்தல் வராது, எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும். மேத் ஃபேக்ட்ஸ் ஃப்ளூயன்சி மூன்றே நிமிடம். சின்னச் சின்னக் கூட்டல் கழித்தலைப் பென்சிலால் எழுதித் தள்ள வேண்டும். இவற்றை ஒன்றாகக் கலந்துவிட்டால் 122 வருகிறது. அந்த 122 உங்கள் குழந்தையைப் பற்றி எதையும் சொல்லவில்லை. பள்ளியில் அந்த ஒரு எண்ணை மட்டும் காட்டிப் பேசினால் விடாதீர்கள், 141-ஐக் காட்டிப் பேசுங்கள்.

இன்னொன்றும் கண்ணில் படுகிறது. வாசிப்பு வேகத்துக்கும் நேரக் கெடு உண்டு, ஆனால் அதில் ‘ஆம்’, ‘இல்லை’ என்று வட்டமிட்டால் போதும். அங்கே 126 வந்திருக்கிறது. ஸ்கோர் சராசரிக்கு இறங்கியது இரண்டே இடத்தில் (மேத் ஃபேக்ட்ஸ் 98, சென்டன்ஸ் ரைட்டிங் 95), இரண்டிலும் கை வேகமாக எழுத வேண்டும். அதனால் என் சந்தேகம் கணக்கின் மேல் இல்லை, எழுத்தின் மேல். டெஸ்ட் எடுத்தவரிடம் கேளுங்கள்: மூன்று நிமிடத்தில் எத்தனை போட்டாள், அதில் எத்தனை தப்பு? கொஞ்சமாகப் போட்டு எல்லாம் சரி என்றால், கை மெதுவாக இருக்கலாம், அல்லது தப்பாகிவிடுமோ என்று ஒவ்வொன்றையும் சரிபார்த்திருக்கலாம். நிறையப் போட்டு நிறையத் தப்பு என்றால் அவசரம். வீட்டில் அதே மாதிரிக் கணக்குகளை வாயால் கேட்டுப் பாருங்கள். பட்டென்று பதில் வந்தால் கைதான் காரணம். விரல்விட்டு எண்ணினால் இன்னும் மனப்பாடம் ஆகவில்லை, அவ்வளவுதான். எழுதும்போது கை வலிக்கிறது என்கிறாளா, எழுதவே மறுக்கிறாளா? அப்படியானால் அவள் எழுதும் திறனை மதிப்பிடும்படி பள்ளிக்குக் கடிதமாகவே எழுதிக் கேளுங்கள். டெஸ்ட் எடுத்தவரிடமும் கேட்காமல், வாயாலும் கேட்டுப் பார்க்காமல் ஃப்ளாஷ் கார்டு வாங்கித் தினமும் உட்கார வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கணக்கை ரசிக்கும் குழந்தைக்குக் கணக்கு கசந்துபோக அது ஒன்று போதும்.

6.4 என்பது ஆறாம் வகுப்பு, நான்காம் மாதம். அந்தக் கட்டத்தில் உள்ள ஒரு நடுத்தர மாணவன் எடுக்கும் ஸ்கோரை இவளும் எடுத்திருக்கிறாள் என்பதுதான் பொருள். 2 வயதுக் குழந்தை முதல் 90 வயதைத் தாண்டியவர்கள் வரை எல்லோருக்கும் இதே டெஸ்ட்தான் என்பதால், ஒவ்வொரு வகுப்பின் தரத்துக்கும் இதில் சில கேள்விகளே இருக்கும். நாலைந்து விடை கூடினாலே வகுப்பு ஏறிவிடும். அவள் ஆறாம் வகுப்புப் பாடத்தைப் படித்து முடித்தவள் இல்லை.

மேப் டெஸ்டைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன். குழந்தை சரியாகச் சொல்லச் சொல்ல அது கேள்வியைக் கடினமாக்கிக்கொண்டே போகும். யார் எழுதினாலும் ஏறக்குறைய பாதி தப்பாகும்படிதான் அமைத்திருக்கிறார்கள். இதை அவளிடமே சொல்லிவிடுங்கள், அழுகை நிற்கும். இரண்டாம் வகுப்பு வாக்கில் சின்னக் குழந்தைகளுக்கான படிவத்தில் இருந்து அடுத்த படிவத்துக்கு மாற்றுவார்கள். முன்னதில் கம்ப்யூட்டரே வாசித்துக் காட்டும், பின்னதில் தானே படிக்க வேண்டும். அந்த மாற்றத்தில் ஸ்கோர் இறங்குவது சகஜம். எந்தப் படிவம் எழுதினாள் என்று டீச்சரிடம் கேளுங்கள்.

இனி பள்ளியில் என்ன கேட்பது? மூன்றாம், நான்காம் வகுப்பு கணக்கின் யூனிட் டெஸ்டுகளை நேரக் கெடு இல்லாமல் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறாளோ அங்கிருந்து கற்பிக்கத் தொடங்கலாம். ஒரு முழு வகுப்பையே தாண்டவைக்க நினைத்தால், டெக்சாஸ் அரசுப் பள்ளிகளில் அதற்கென்றே தேர்வு உண்டு: மொழி, கணிதம், அறிவியல், சமூக அறிவியல் நான்கிலும் 80 சதவீதம் எடுக்க வேண்டும், பள்ளி மாவட்டத்தின் பரிந்துரையும் உங்கள் எழுத்துபூர்வ சம்மதமும் வேண்டும். இந்த 80 உண்மையாகவே மார்க். விண்ணப்பத் தேதியை இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். கை எழுத்தைப் பற்றிய சந்தேகம் தெளிந்த பிறகு அதில் உட்கார வைக்கலாம்.